சூரியனைக் கடக்கும் அரை விநாடி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வானியல் படித்தவன் இல்லை. ஆனாலும் இன்று பேசக் காரணம் இருக்கிறது. சூரியனுக்குக் குறுக்கே விண்வெளி நிலையம் போவதைப் படம் எடுக்க, ஒரு நாள் காலை மொட்டை மாடிச் சாவி வேண்டும் என்று சங்கத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். "அது என்ன? அதற்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு? கண்ணுக்கு ஆபத்து இல்லையா?" என்று கமிட்டியில் கேட்டார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன்.

முதல் கேள்வி, அது என்ன?

சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. 2000 நவம்பர் முதல் அதில் ஆள் இல்லாத நாளே இல்லை. நம் நாட்டு சுபான்ஷு சுக்லா 2025 ஜூன், ஜூலையில் 18 நாள் தங்கி வந்தது அங்கேதான். அதன் நீளம் 109 மீட்டர். அகலத்தையும் சேர்த்தால், நம் ஊர்க் கணக்கில் ஐந்தாறு மா நிலத்தை மூடும். வேகம் மணிக்கு 28,000 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். மாலையிலோ விடியற்காலையிலோ மினுக்காமல் ஒரு பெரிய நட்சத்திரம் வானத்தைக் கடந்து போவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அநேகமாக அது இதுதான்.

பகலில் அது தெரியாது. ஆனால் நமக்கும் சூரியனுக்கும் நடுவே அது வரும் சமயம், சூரிய வட்டத்தின் மேல் சின்னக் கறுப்பு உருவமாகக் கடக்கும். நடு உடம்பும் இரண்டு பக்கமும் விரித்த சூரியத் தகடுகளுமாக, தும்பி மாதிரி இருக்கும்.

எவ்வளவு பெரிதாகத் தெரியும்? 2004 ஜூன் 8 அன்று வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். வெள்ளியின் குறுக்களவு 12,100 கிலோமீட்டர். அன்று அது இருந்த தூரம் 4 கோடி கிலோமீட்டருக்கு மேல். நிலையம் வெறும் 109 மீட்டர்; தூரம் 400 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். நிலையம் தலைக்கு மேலே இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு! சூரியனின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வித்தியாசம் நேரத்தில்தான். வெள்ளி கடக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. நிலையம் கடக்க அரை விநாடி. சூரியன் சாய்ந்திருந்தால் ஒரு விநாடிக்குப் பக்கம்.

"நம் ஆதித்யா விண்கலம் இப்படித் தெரியுமா?" என்று ஒரு தம்பி கேட்டான். தெரியாது. ஆதித்யா எல்-1 இருப்பது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரத்தில் அது புள்ளியாகக்கூடத் தெரியாது.

இரண்டாவது கேள்வி, இவ்வளவு ஏற்பாடு எதற்கு?

இதற்கு நம் கரையிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது. லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர், 1761இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கக் கப்பல் ஏறினார். வந்து சேருவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. கடக்கும் நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் அளவெடுக்க முடியாது. அடுத்தது எட்டு வருஷம் கழித்து. மனிதர் ஊர் திரும்பவில்லை. இந்தப் பக்கமே காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து பார்வை மேடை அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் வானத்தை மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் வந்தது. 1771இல் பிரான்சுக்குத் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டிச் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள்.

அவர் வெறுங்கையோடு போகவில்லை. புதுச்சேரியில் தமிழர்கள் கிரகணக் கணக்குப் போடும் முறையைக் கற்றுக்கொண்டார். பேனா, காகிதம் இல்லாமல் சோழிகளை வைத்துப் போடும் கணக்கு. 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில், தமிழ்க் கணக்குக்கும் உண்மைக்கும் வித்தியாசம் 41 விநாடி. ஐரோப்பாவின் நல்ல அட்டவணையில் 68 விநாடி. இதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த 41 விநாடியும் நமக்குப் போதாது. அரை விநாடிக் காட்சிக்கு, விநாடி பிசகாத கணக்கு வேண்டும். இடமும் துல்லியமாக இருக்க வேண்டும். நிலையம் சூரியனைக் கடப்பது தெரியும் பட்டை, சூரியன் உச்சியில் இருந்தால் 4 கிலோமீட்டர் அகலம்தான், சாய்ந்திருந்தால் கூடுதல். தஞ்சாவூரில் தெரிவது ஒரத்தநாட்டில் தெரியாது. இங்கே தெரிவது மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ தெரியாது. ஒரே மாடியில் உட்கார்ந்திருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பட்டை நம் கட்டடத்தின் மேல் விழும் நாள் வரும்போது அதை விடக்கூடாது.

நாளை முன்கூட்டியே நிச்சயிக்கவும் முடியாது. அந்த உயரத்திலும் இருக்கும் மெல்லிய காற்றின் உரசலால் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே ஏற்றுவார்கள். அதனால் சில நாளுக்கு முன் சொல்லும் கணக்கைத்தான் நம்பலாம். முந்தின நாள் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைமேகத்தில் இது நடக்காது. சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனிதான் நமக்குத் தோது. அதிலும் காலைவேளை நல்லது. மதியத்தில் சூடான தளத்திலிருந்து எழும் காற்று படத்தைக் கலைத்துவிடும்.

எடுக்கும் முறை எளிது. முக்காலியில் நீண்ட லென்ஸ் வைத்த கேமரா. லென்ஸின் முன்பக்கம் சூரிய வடிகட்டி. சூரியப் புள்ளியிலோ வட்டத்தின் விளிம்பிலோ ஃபோகஸ் செய்து, அதை அசையாமல் நிறுத்திவிட வேண்டும். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு விநாடியோ அதற்கும் குறைவோ. செல்போன் கடிகாரத்தை நெட்வொர்க் நேரத்தோடு வைத்துக்கொண்டு, மூன்று விநாடி முன்னதாகவே தொடர்ச்சியாகப் படம் எடுக்கத் தொடங்க வேண்டும். விநாடிக்கு 60 படம் எடுக்கும் வீடியோ என்றால், அரை விநாடியில் 30 படம் கிடைக்கும். தியரி லெகோ என்ற பிரெஞ்சுக்காரர் 2009 மே 13 அன்று, அட்லாண்டிஸ் விண்கலமும் ஹபிள் தொலைநோக்கியும் சேர்ந்து சூரியனைக் கடந்ததை ஃபுளோரிடாவிலிருந்து எடுத்தார். அவருக்குக் கிடைத்தது 0.8 விநாடி.

மூன்றாவது கேள்வி ஆபத்து. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

விழித்திரைக்கு வலி தெரியாது. சூரியனை நேராகப் பார்த்துக் கருகினாலும் அந்த நேரத்தில் ஒன்றும் உறைக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் நடுப்பார்வையில் கறை விழுந்தது தெரியும். அது முழுவதும் சரியாகும் என்று உத்தரவாதம் இல்லை. பைனாகுலரிலோ கேமராக் கண்ணாடித் துளையிலோ பார்த்தால் இன்னும் மோசம்.

நல்ல சூரிய வடிகட்டி, ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். கிரகணத்துக்குத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்துப் பார்ப்போமே, அந்தத் தண்ணீர் நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பும். அதாவது வடிகட்டி விடுவதைப் போல இரண்டாயிரம் மடங்கு! எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், பழைய சிடி எதுவும் உதவாது. கிரகணக் கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால் கண்ணாடியே பொசுங்கிவிடும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். சாவி ஒரு நாள் காலை, ஒரு மணி நேரத்துக்கு. மாடிக்கு நானும் கமிட்டி சார்பில் ஒருவரும் மட்டும் போவோம். பிள்ளைகள் யாரும் மாடிக்கு வர வேண்டாம். கேமராவிலிருந்து கம்பி இழுத்து, கீழே இந்தக் கூடத்து டிவியில் காட்டுகிறேன். எல்லோரும் நிழலில் உட்கார்ந்து, மேலே இருக்கும் எனக்குத் தெரிவதையே பார்க்கலாம். முதல் ஓட்டத்தில் கண் தவறவிட்டாலும், ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்ப்போம். மேகம் வந்தால் காபி குடித்துவிட்டுக் கலைவோம்.

1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதற்கு முன்பே ஒரு சிறு நூல் எழுதினார். நடக்கப் போவது என்ன என்று ஜனங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பெரியவர் அளவுக்கு நமக்குத் தெரியாது. ஆனால் அந்த வழக்கம் நல்ல வழக்கம். தெரிந்துகொண்டு பார்த்தால் கண்ணும் பிழைக்கும், காட்சியும் கிடைக்கும்.

இன்னொன்று. இந்த நிலையத்தை 2030 வரை இயக்கி, பிறகு கடலில் இறக்கிவிடத் திட்டமிட்டிருக்கிறார்கள். வெள்ளி மறுபடி சூரியனைக் கடப்பது 2117இல். அதை இங்கே இருக்கும் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பார்ப்பார்கள். நமக்குக் கையில் இருப்பது இந்தச் சில வருஷம்தான்.

தேதி தெரிந்ததும் அறிவிப்புப் பலகையில் நேரத்தோடு எழுதிப் போடுகிறேன். ஐந்து நிமிஷம் முன்னதாக வந்துவிடுங்கள். தாமதமாக வருகிறவர்களுக்காக நிலையம் நிற்காது.