ஒரு சட்டித் தயிரும் சில பச்சடிகளும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் மூத்த பழைய மாணவியர் ஐவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா மேடையில் ஏறிப் பச்சடி பற்றியா பேசப் போகிறார்கள் என்று சிலர் நினைக்கக்கூடும். கல்லூரியின் வரலாற்றைச் சொல்ல எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாங்கள் ஐவரும் விடுதியில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள், அவ்வளவுதான். இன்று ஒருத்தி யாழ்ப்பாணத்தில், ஒருத்தி வெள்ளவத்தையில், மற்ற மூவரும் லண்டன், றொரொன்ரோ, மெல்பேண். எல்லோரும் எழுபதைத் தாண்டிவிட்டோம். ஐவரில் மூவர் வீட்டில் தனியாக இருக்கிறோம்.

கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் கூடுவோம். "இன்றைக்கு என்ன சமையல்?" என்று யாராவது கேட்பார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இராது. பிறகு, "ஒன்றுமில்லையடி, பாணும் தேத்தண்ணியும்தான்" என்று பதில் வரும். பத்துப் பேருக்குச் சமைத்துப் பழகிய கைக்கு ஒருத்திக்காகத் தாச்சியை அடுப்பில் வைக்க மனம் வருவதில்லை. இதை நாங்கள் பகிடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு எங்களில் ஒருத்தி மெலிந்துகொண்டே போனாள். வயது போகப் போகத் தசை தானாகக் குறையும், அதற்குப் புரதம் வேண்டும், பாணும் தேத்தண்ணியும் அதைத் தராது என்று அவளுடைய வைத்தியர் சொன்னார். அன்றிலிருந்து பேச்சின் போக்கு மாறியது. அதிக நேரம் அடுப்படியில் நிற்காமல், ஒரு கோப்பை அளவில், சலிப்பில்லாமல் எதைச் செய்யலாம் என்று தேடினோம். எல்லா வழியும் தயிரில்தான் வந்து முடிந்தது.

முதலில் எந்தத் தயிர் என்று பார்ப்போம். இலங்கையில் பிறந்த எங்களுக்குத் தயிர் என்றால் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர்தான். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு பங்கு அளவில் இருக்கும், எருமைப் பாலில் ஏழு, எட்டு வரை போகும். தண்ணீரில் ஒரு பங்கைச் சட்டியின் மண் குடித்துவிடும். அதனால்தான் மட்டக்களப்புத் தயிரைக் கத்தியால் வெட்டி எடுக்கலாம் போலிருக்கும். அந்தத் தயிரைச் சீனியோடும் வாழைப்பழத்தோடும் சாப்பிட்டு நாங்கள் வளர்ந்தோம். அது கடைக்கு வருவதற்கு மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும் என்பதை எங்கள் தலைமுறை யோசித்ததேயில்லை. 2023இல் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் வீதியோரம் இருந்து போராடியபோதுதான் யோசித்தோம். அது பெரிய கதை, இன்னொரு மேடையில் பேச வேண்டியது.

கடையில் சிறு கோப்பைகளில் விற்கும் யோகட்டை இதற்கு எடுக்க வேண்டாம். அதில் பெரும்பாலும் சீனி இருக்கும், சிலவற்றில் ஜெலற்றினும் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் சீனியில்லாத, கொழுப்பு நீக்காத தயிரை வாங்குங்கள். கொழுப்பு நீக்கிய தயிரை எங்கள் குழு ஏற்பதில்லை. உப்பும் உறைப்பும் பட்டால் அதில் வெறும் புளிப்புத்தான் மிஞ்சும்.

வீட்டில் உறைய வைக்கவும் வயது ஒரு தடையல்ல. ஒரு லீற்றர் பாலைக் கொதி வரும்வரை காய்ச்சி, சின்ன விரலை வைத்துப் பத்து எண்ணும்வரை சூடு பொறுக்கும் நிலைக்கு ஆறவிடுங்கள். வெப்பமானி இருந்தால் 43 முதல் 45 பாகை செல்சியஸ். ஒரு மேசைக்கரண்டி உறைமோரைக் கலந்து மூடிவிட வேண்டும். பாலைக் காய்ச்சுவது கிருமியைக் கொல்வதற்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பாலின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணையத் தயாராவதால்தான் தயிர் கெட்டியாகிறது. யாழ்ப்பாணத்து வெயிலில் அது தானாக உறையும். றொரொன்ரோவில் மாசி மாதத்தில் உறையாது. அங்கே அவணைப் பற்றவைக்காமல், உள்ளே இருக்கும் மின்குமிழை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தைத் துவாயால் சுற்றி இரவு முழுக்க உள்ளே வைக்கிறார்கள். ஆறு முதல் எட்டு மணித்தியாலத்தில் உறைந்துவிடும். அதற்கு மேல் விட்டால் புளிக்கும்.

இனிப் பச்சடியின் பெருங்குறை. விருந்துகளில் பார்த்திருப்பீர்கள். பரிமாறும்போது நன்றாக இருக்கும், அரை மணித்தியாலத்தில் கோப்பையின் அடியில் தண்ணீர் நிற்கும், சோறு நனைந்து கஞ்சியாகும். தயிரைக் குறை சொல்லிப் பயனில்லை, அது உப்பின் வேலை. உப்புப் பட்டதும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் தங்கள் நீரை வெளியே விட்டுவிடும். ஆகவே, அந்த நீரை முன்னரே வெளியே எடுத்துவிட வேண்டும். வெள்ளரிக்காயைத் துருவி, ஒரு சிட்டிகை உப்புப் பிரட்டி, பத்து நிமிடம் கழித்துக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். தக்காளியென்றால் விதையையும் சாற்றையும் எடுத்துவிடுங்கள். தயிருக்குரிய உப்பைச் சாப்பாட்டு மேசைக்குப் போகும்போது போடுங்கள். வெங்காயத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து வடித்தால் காரமும் மணமும் அடங்கும்.

தயிரையும் வடிக்கலாம். சுத்தமான பழைய வேட்டித் துண்டில் கட்டி, கிண்ணத்தின் மேல் வடிதட்டில் வைத்து, பிறிட்ஜில் இரவு முழுக்க விட்டால் ஏறக்குறையப் பாதியாகக் குறுகும். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு நாலு கிராம் அளவில் இருக்கும் புரதம், வடித்ததில் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மெலிந்துகொண்டு போன எங்கள் சிநேகிதிக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். வடிந்த நீரை ஊற்றிவிடாதீர்கள். ரொட்டிக்கு மா குழைக்க அது நல்லது.

வட இந்தியர் ராய்த்தா என்று சொல்வதும் நாங்கள் பச்சடி என்று சொல்வதும் உறவுக்காரர்கள். அங்கே ராய் என்றால் கடுகு, ராய்த்தா என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் இன்று உணவகங்களில் கிடைக்கும் ராய்த்தாவில் கடுகையே காணமுடியாது. அது உயிரோடு இருப்பது குஜராத்தில். அங்கே வாழைப்பழத்தில் ராய்த்தா செய்கிறார்கள். கேட்டவுடன் நாங்கள் முகம் சுளித்தோம், செய்து பார்த்தபின் அடங்கிவிட்டோம். ஒரு கோப்பைத் தயிருக்கு அரைத் தேக்கரண்டி கடுகை உரலில் கொரகொரப்பாக இடித்து, சீனி ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகையோடு கலந்து, பதினைந்து நிமிடம் விட்டு, வெட்டிய கதலிப்பழத்தைச் சேர்க்க வேண்டும். மூக்கில் ஏறும் அந்தக் காரம் முழுக் கடுகில் இல்லை. பச்சையாக இடித்து ஈரம் பட்டபின்தான் அது உண்டாகும். எண்ணெயில் வெடிக்கவைத்தால் அந்தக் காரம் போய்விடும், வேறொரு வாசம் வரும். ஆகவே இடித்த கடுகும் தாளித்த கடுகும் இரண்டு வேறு சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காஷ்மீரில் முள்ளங்கியைத் துருவி, பச்சைமிளகாய் சேர்த்துத் தயிரில் போடுகிறார்கள். வால்நட்டை அரைத்துத் தயிரோடு சேர்ப்பதும் உண்டு. லண்டனில் இருப்பவள் அதைப் பாணில் பூசிச் சாப்பிடுகிறாள், பட்டர் வாங்குவதையே விட்டுவிட்டாள். பூந்தி ராய்த்தா எல்லோருக்கும் தெரியும். கடலைமாப் பூந்தியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டுப் பிழிந்து சேர்த்தால் மென்மையாகவும் இருக்கும், பொரித்த எண்ணெயும் கொஞ்சம் கழன்றுவிடும். ஐதராபாத்தில் பிரியாணிக்கு மெல்லிய தயிர்ச் சட்னி வைப்பார்கள். உள்ளி தட்டிப்போட்ட புரானி ராய்த்தாவும் பிரியாணிக்குத் தோதானது.

கேரளத்து அன்னாசிப் பச்சடிதான் எங்கள் ஐவருக்கும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறோம். ஓண விருந்தில் வாழையிலையில் வைக்கும் பச்சடி இது. ஒரு கோப்பை அன்னாசித் துண்டுகளை மஞ்சள், உப்பு, சிறிது சர்க்கரையோடு மெதுவாக வேகவிடுங்கள். அரைக்கோப்பைத் தேங்காய்ப்பூ, ஒரு பச்சைமிளகாய், கொஞ்ச நற்சீரகம் மூன்றையும் அரைத்து, கடைசியில் அரைத் தேக்கரண்டி கடுகை அதனுடன் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, வெந்த அன்னாசியில் கலந்து இன்னும் சில நிமிடம் அடுப்பில் விடுங்கள். நன்றாக ஆறியபின்தான் ஒரு கோப்பைத் தயிர். மேலே தேங்காயெண்ணெயில் கடுகு, செத்தல்மிளகாய், கறிவேப்பிலைத் தாளிதம்.

அவசரத்துக்கு அன்னாசியைப் பச்சையாகப் போடலாமா என்று கேட்பார்கள். கூடாது. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமலின் என்ற நொதியம் இருக்கிறது. தயிரில் பட்டால் அது பாற்புரதத்தைக் கரைத்து, சிறிது நேரத்தில் கசக்க வைக்கும். வேகவைத்தால் நொதியம் அழிந்துவிடும். இந்த விளக்கம் எதுவும் தெரியாமலே கேரளத்துப் பெண்கள் அன்னாசியை வேகவைத்துத்தான் போட்டார்கள். தாளிதத்தையும் அடுப்பிலிருந்து எடுத்தவுடன் தயிரில் கொட்ட வேண்டாம். ஒரு நிமிடம் ஆறட்டும், இல்லாவிட்டால் பட்ட இடத்தில் தயிர் திரியும்.

எங்கள் வீட்டுச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலை இந்த வரிசையில் சேர்க்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருப்பவள் எங்களோடு கதைக்கமாட்டாள். தேங்காய்ப்பால் விடுவது வழக்கம். ஒருத்திக்காகத் தேங்காய் உடைத்துத் திருவிப் பிழிய யாருக்குப் பொறுமை? அதற்குப் பதிலாகத் தயிர் விடுங்கள். கத்தரிக்காயைத் தணலில், இல்லையேல் காஸ் அடுப்பில், அதுவும் இல்லையேல் அவணின் கிரில்லில் தோல் கருகும்வரை சுட்டு, உரித்து மசித்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, மூன்று மேசைக்கரண்டி தயிர். தேசிக்காய்ப்புளி தேவையில்லை, தயிரின் புளிப்பே போதும். புட்டோடு அருமை.

பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்கள் கேட்பது டிப். அதுவும் நம்முடைய பச்சடிதான், தண்ணீர் மட்டும் இல்லை. ஒரு பிடி புதினா, அரைப்பிடி மல்லித்தழை, ஒரு பச்சைமிளகாய், சிறு துண்டு இஞ்சி ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் ஒரு கரண்டித் தயிரோடு அரைத்து, வடித்த தயிர் 250 கிராமில் கரண்டியால் கலவுங்கள். எல்லாத் தயிரையும் பிளெண்டரில் போட்டுச் சுற்றினால் கட்டு உடைந்து மோராகிவிடும். கரட் துண்டு, கட்லட், ரோல்ஸ் எதையும் அதில் தோய்க்கலாம். உறைப்புக் கூடிவிட்டது என்று சின்னவர்கள் அழுதால் தண்ணீர் கொடுக்காதீர்கள். மிளகாயின் எரிவு தண்ணீரில் கரையாது, பாற்புரதம்தான் அதைக் கழற்றும். இன்னொரு கரண்டி வெறும் தயிர் கொடுங்கள்.

பிரஷர் உள்ளவர்கள் எங்களில் பாதிப் பேராவது இருப்போம். உப்பைக் குறைக்க நற்சீரகம் உதவும். வெறும் தாச்சியில் ஒரு நிறம் கறுக்கும்வரை வறுத்து, ஆறியபின் இடித்து, சிறு போத்தலில் வையுங்கள். இரண்டு கிழமைக்குப் போதுமான அளவு மட்டும், அதற்குமேல் வாசம் போய்விடும். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதையும் தயிரையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். பாலிலுள்ள கல்சியம் குளிசை உடம்பில் சேர்வதைத் தடுக்கும். எத்தனை மணித்தியாலம் இடைவெளி விடுவது என்பதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

தனியாக இருப்பவர்களுக்கு எங்கள் ஐவரின் ஏற்பாடு இது. ஞாயிறு இரவு தயிர் உறையும். திங்கள் காலை பாதியை வடியப் போடுவோம். அன்றிரவு ஐந்து பேரும் தொலைபேசியில் ஒரே பச்சடியைச் செய்து, ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருவோம். மெல்பேணில் அது விடிகாலைச் சாப்பாடாகிவிடும், அவளுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. மெலிந்துபோன சிநேகிதி யார் என்று சொல்லமாட்டோம். ஐவரையும் மேடையில் பார்க்கிறீர்கள், கண்டுபிடிக்க முடிந்தால் கண்டுபிடியுங்கள். இந்த வட்டத்தில் சேர விரும்புகிறவர்கள், முக்கியமாகத் தனியாக இருக்கும் அக்காமார், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயரைத் தாருங்கள். வெங்காயம் வெட்டத் தெரிந்தால் போதும்.

பின்பக்க மேசையில் ஐந்து கிண்ணங்கள் வைத்திருக்கிறோம். உப்பு இன்னும் போடவில்லை, இந்தப் பேச்சு எவ்வளவு நேரம் போகும் என்று எங்களுக்கே தெரியாமல் இருந்தது. இப்போது போய்ப் போடுகிறோம். அன்னாசிப் பச்சடி மூலையில் மஞ்சள் கிண்ணத்தில் இருக்கிறது, அது கொஞ்சம்தான் செய்தோம்.