ஐடிலிங் திருகைத் தொடும் முன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரத்தில், ஆலை வாசல்களில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் தொழிலாளர் பேருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று தடதடவென்று அதிர்ந்தாலோ, அடிக்கடி ஆஃப் ஆனாலோ, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை, அதாவது ஐடிலிங்கை, அமைக்க டீசல் பம்பில் இருக்கும் திருகைக் கொஞ்சம் ஏற்றிவிடுவது வழக்கம். வண்டியும் அடங்கிவிடும். ஆனால் அந்தத் திருகு கடைசியாகத் தொட வேண்டியது என்கிறேன்.

காரணம் டீசல் எஞ்சினின் இயல்பிலேயே இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றை ஒரு தகடு மட்டுப்படுத்தும். பழைய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் காற்றுக்குத் தடையே கிடையாது. வேகத்தைத் தீர்மானிப்பது டீசலின் அளவுதான். அது சற்றுக் குறைந்தால் எஞ்சின் நின்றுவிடும், சுமையில்லாதபோது கூடினால் கட்டுமீறி ஓடும். அதனால்தான் பம்போடு கவர்னர் என்ற காவலர் சேர்ந்தார். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் சுழலவிட்ட குண்டுகளின் தத்துவம்தான் இங்கேயும். வேகம் கூடினால் எடைகள் விரிந்து டீசலைக் குறைக்கும். வேகம் தணிந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே தள்ளி டீசலைக் கூட்டும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. விளக்கைப் போட்டு டைனமோவின் சுமை ஏறினாலும், ஏர் கம்ப்ரசர் இழுத்தாலும், யாரும் சொல்லாமலே ஈடுகட்டிவிடும் இந்த எளிமை எனக்குத் தீராத வியப்பு. இவ்வளவு செய்யும் கருவி இருந்தும் ஐடிலிங் ஏறி இறங்கி ஆடுகிறது என்றால், டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் தேய்ந்திருக்கலாம், கவர்னரே தேய்ந்திருக்கலாம். திருகை ஏற்றினால் இவற்றில் எதுவும் சரியாகாது, மறைந்துகொள்ளும், அவ்வளவுதான்.

"ஐடிலிங் கூடினால் பிரேக்குக்கான ஏர் சீக்கிரம் பிடிக்கிறதே" என்று ஓட்டுநர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இரவு நிறுத்திய வண்டியில் காலைக்குள் ஏர் இறங்கிவிட்டது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது; பிரேக் சம்பந்தப்பட்ட அந்தக் கசிவை மறைக்கலாமா? டீசல் மிச்சமாகட்டும் என்று முதலாளி ஐடிலிங்கை ஒரேயடியாகக் குறைக்கச் சொன்னாலும் ஒப்ப முடியாது. ஆயில் பிரஷர் தாழும், பேட்டரி சார்ஜ் ஏறாது, எஞ்சின் மவுண்ட் ரப்பர்கள் அதிர்ந்தே கிழியும்.

எல்லாம் பார்த்த பிறகும் தேவைப்பட்டால், எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஏ.சி.யையும் விளக்கையும் அணைத்து, ஆக்சிலரேட்டர் கம்பி இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். காதை நம்பாமல் டேக்கோமீட்டரை வையுங்கள். பெரும்பாலான பெரிய பேருந்து எஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு 550 முதல் 700 சுற்றுக்குள் வரும். உங்கள் வண்டிக்குரிய எண் கையேட்டில் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒருமுறை ரேஸ் கொடுத்துவிட்டு அதே எண்ணுக்குத் திரும்புகிறதா என்று பார்த்து இறுக்குங்கள். சீல் வைத்த உச்சவேகத் திருகைத் தொடவே வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 பேருந்துகளில் இந்தத் திருகே இல்லை, ஐடிலிங்கை ஈ.சி.எம். என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி பார்த்துக்கொள்கிறது. பழைய வண்டிகள் ஓடும் பணிமனைகளிலாவது ஸ்குரூடிரைவருக்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.