அருகில் வைத்து வழங்கும் கலை



மாலை ஏழு மணிக்கு நம் தெருப் பிள்ளைகள் பத்துப்பேர் ஒரே கணக்குப் பாடத்தைத் தத்தம் கைப்பேசியில் திறக்கின்றனர். படம் நின்று நின்று ஓடுகிறது. கோபுரத்திலிருந்து கைப்பேசிவரை உள்ள காற்றுவழி அனைவருக்கும் பொது. அதில் அதே பாடம் பத்துமுறை தனித்தனியே வருகிறது. கூட்டநேரத்தில் குழாயடிக்குச் செல்பவர் வரிசையில் நிற்கிறார். விடியலிலேயே குடத்தில் பிடித்து வைத்தவர் நிற்பதில்லை. நெரிசல் இல்லாப்பொழுதில் அருகில் கொணர்ந்து வைக்கும் இம்முறையே 'கேஷ்' எனப்படுகிறது. (ஒலியில் ஒன்றாயினும் இது ரொக்கம் அன்று!)

2012இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரிய சேமிப்பிடம் கொண்ட சிறு நிலையங்களை ஆங்காங்கே நிறுவி, பலர் விரும்பும் படங்களை முன்னரே நிரப்பி வைக்கலாம் என்றனர். 2014இல் மத்தா-அலி, நீசன் என்னும் இருவர் வெளியிட்ட கருத்தோ நம்மை வியக்கச் செய்வது. அதைச் சற்று நிதானமாகக் காண்போம்.

இரு மாணவியர், கணக்கு, அறிவியல் என இரு பாடங்கள். ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒரு பாடத்துக்கே இடம். யார் எதைக் கேட்பார் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே இரு பாடங்களின் முற்பாதிகளை முதல் மாணவியிடமும், பிற்பாதிகளை அடுத்தவளிடமும் இரவிலேயே வைத்துவிடுகிறோம். மாலையில் முன்னவள் கணக்கையும் பின்னவள் அறிவியலையும் கேட்கின்றனர். கணக்கின் பிற்பாதி 7 என்றும், அறிவியலின் முற்பாதி 5 என்றும் கொள்வோம். கோபுரம் 12 என ஒரேமுறை ஒலிபரப்புகிறது. முன்னவள் தன்னிடமுள்ள 5ஐக் கழித்து 7ஐப் பெறுகிறாள்; பின்னவள் 7ஐக் கழித்து 5ஐப் பெறுகிறாள். இரண்டு அரைப்பாடங்களை அனுப்பவேண்டிய இடத்தில் ஓர் அரைப்பாட அளவே போதுமானதாயிற்று! கணினி செய்வது ஒன்றும் சுழியமும் கொண்ட வேறுவகைக் கூட்டல்; தத்துவம் இதுவே.

ஆயினும் எதை அருகில் வைப்பது என்பதைப் பெரும்பாலும் கேட்போர் எண்ணிக்கையே முடிவுசெய்கிறது. திரைப்பாடல் அருகில் இருக்கும்; சிலரே தேடும் நுழைவுத்தேர்வுப் பாடம் தொலைவிலேயே கிடக்கும். அச்சிலரில் நம் பிள்ளைகளும் இருக்கின்றனர். இதைக் கோபுரத்தார் நமக்காக மாற்றுவர் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. நம் படிப்பகத்தில் ஒரு சிறு கணினியையும் ஒரு வைஃபை பெட்டியையும் வைப்போம். அனுமதியுள்ள பாடங்களை இரவில் இறக்கிக்கொண்டால், மாலையில் இணையமின்றியே பிள்ளைகள் கைப்பேசியில் காணலாம். இறக்கவேண்டிய பாடங்களின் பட்டியலை மாணவர்களே எழுதித் தரட்டும்; ஒரே ஒருத்தி கேட்கும் தாவரவியலும் அதில் இடம்பெறட்டும்.