‘வேலை செய்யலை’ன்னு மட்டும் எழுதாதீங்க

இன்னும் ரிலீஸ் ஆகாத ஒரு திறமூல மென்பொருளில் பிழை கண்ணில் பட்டா, அதை எப்படிச் சொல்றது? இந்த எபிசோட்ல அதைத்தான் பேசப்போறோம். நான் ஒரு தடவை சொதப்பியிருக்கேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க பெரியப்பா பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு சின்ன யூனிட்ல டைம் ஆபீஸ் பார்க்கிறார். வருகைப் பதிவு, ஓ.டி. கணக்கு எல்லாம் ஸ்ப்ரெட்ஷீட்லதான், பெயர்கள் தமிழில். அவங்க பயன்படுத்துற மென்பொருளோட பீட்டாவை நான் என் லேப்டாப்பில் போட்டிருந்தேன். பேர் வேண்டாம். அண்ணன் அனுப்பின ஷீட்டைத் திறந்து ‘கோபால்’னு தேடினேன். வரலை. ஆனா ஏழாவது வரிசையில கண்ணுக்கு நேரா அந்தப் பெயர் இருக்கு.

உடனே புகார் போட்டேன்: “தமிழ்ல தேடல் வேலை செய்யலை.” கூட ஒரு ஸ்கிரீன்ஷாட். ரெண்டு நாள்ல ஒரு டெவலப்பர் கேட்டார்: எந்த பில்டு, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், ஃபைல் கிடைக்குமா? ஆபீஸ் வேலையில நான் பதிலே போடலை. தகவல் போதாதுன்னு புகாரை மூடிட்டாங்க. பிழை அப்படியே ஃபைனல் ரிலீஸில் வந்தது. அண்ணன் ஆபீஸ்லயும் அப்டேட் பண்ணாங்க. ஒரு தொழிலாளியோட ரெண்டு நாள் ஓ.டி. கணக்குல சேரலை. அந்தக் காசு அவருக்கு அடுத்த மாசச் சம்பளத்தோடதான் கிடைச்சது.

காரணம் என்ன? யூனிகோடில் ‘கோ’வை ரெண்டு விதமா எழுதலாம். ‘க’வோட ஓகாரக் குறியை ஒரே குறியீடா சேர்க்கலாம். இல்லைன்னா ஏகாரக் குறி, கால்னு ரெண்டு குறியீடா பிரிச்சும் சேர்க்கலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் சமம்னுதான் யூனிகோட் விதியும் சொல்லுது. அந்த பீட்டா மட்டும் ரெண்டையும் வேறவேறன்னு எடுத்துக்கிட்டது. இதை எந்த ஸ்கிரீன்ஷாட்டும் காட்டாது. ஃபைலைத் திறந்தாதான் தெரியும்.

அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சார். “டேய், லாக் புக்குல ‘மெஷின் ஓடலை’ன்னு எழுதினா மெயின்டனன்ஸ்காரர் எதைடா பார்ப்பார்? எந்த மெஷின், எந்த ஷிப்டு, ஓடி எவ்வளவு நேரத்துல நின்னுச்சு, நேத்து என்ன மாத்தினோம்? இதெல்லாம் எழுதணும்ல?”

பக் ரிப்போர்ட்டும் அதேதான். நம்ம மெஷின்ல நடந்தது அவங்க மெஷின்லயும் நடக்கணும். அதுக்குத்தான் எழுதுறோம்.

லிப்ரேஆபிஸை உதாரணமா எடுத்துக்கலாம். வழக்கமா வருஷத்துக்கு ரெண்டு பெரிய ரிலீஸ், பிப்ரவரியில ஒண்ணு, ஆகஸ்ட்ல ஒண்ணு. அதுக்கு முன்னாடி ஆல்ஃபா, பீட்டா, ஆர்சின்னு சோதனைப் பதிப்புகள் வரும். ஆல்ஃபாவையும் பீட்டாவையும் தனியா நிறுவிக்கலாம், உங்க பழைய லிப்ரேஆபிஸ் அப்படியே இருக்கும். ஆனா ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீங்க, நகல்ல சோதிங்க. பீட்டா கட்டத்துலயே சொல்லிடுங்க. ரிலீஸ் நெருங்க நெருங்க பெரிய பிழைகளை மட்டும்தான் தொடுவாங்க.

முதல்ல சேஃப் மோட்ல திறந்து பாருங்க. பிழை காணாமப் போச்சுன்னா உங்க செட்டிங்ஸ் இல்லை எக்ஸ்டென்ஷன்ல சிக்கல் இருக்கலாம். அடுத்து அவங்க பக்ஸில்லாவில் தேடுங்க. அதே பிழையை வேற யாராவது சொல்லியிருந்தா, புதுசா போடாம அங்கேயே உங்க விவரத்தைச் சேருங்க.

புதுசா எழுதுறதா இருந்தா, ஒரு புகாருக்கு ஒரு பிழை. ‘ஹெல்ப்’ மெனுவில் ‘அபவுட்’ திறந்தா பதிப்பு விவரத்தை மொத்தமா காப்பி பண்ணலாம். அதை ஒட்டுங்க. செஞ்ச படிகளை 1, 2, 3ன்னு எழுதுங்க. என்ன நடக்கணும், என்ன நடந்தது, ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க. முந்தின பதிப்புல சரியா இருந்ததான்னும் பார்த்துச் சொல்லுங்க. எந்த மாற்றத்தால கெட்டுச்சுன்னு தேட அது ரொம்ப உதவும்.

ஃபைல் இணைக்கும்போது கவனம். அங்க போடுறதை யார் வேணாலும் பார்க்கலாம். சம்பளம், ஆதார் எண், வங்கிக் கணக்கு இருக்கிற ஷீட்டை அப்படியே ஏத்திடாதீங்க. பிழை வர்ற அளவுக்கு ஒரு குட்டி ஃபைல் போதும்.

அந்தப் பழைய புகாரை நான் திரும்பத் திறந்தேன். ரெண்டே வரிசை இருக்கிற ஃபைல், ரெண்டு விதமா எழுதின ஒரே பெயர். “முந்தின பதிப்பில் ரெண்டும் கிடைக்குது, இதில் ஒண்ணுதான்” என்று ஒரு வரி. அடுத்த திருத்தப் பதிப்பிலேயே சரியாச்சு. டெவலப்பருக்குத் தமிழ் தெரியாது, தேவையும் படலை.

ஆனா தமிழ்ல தட்டிப் பார்க்க நாமதான் வேணும். இந்த வாரம் ஏதாவது ஒரு பீட்டாவை எடுங்க, உங்க பெயரைத் தமிழ்ல அடிச்சுத் தேடுங்க. கிடைக்கலைன்னா அதை எழுதுங்க. எழுதிட்டு, கேள்வி வந்தா பதில் போடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.