வாசற்படியும் பிரம்பும்



காவிரிப் படுகையில் பள்ளிக்கூடக் கட்டுப்பாடும் பிள்ளைகளைப் பெரியவர்கள் பார்க்கும் பார்வையும் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறி வந்தன என்பதை இந்த மாநாட்டில் இரண்டு நாள் பேசப்போகிறோம். கட்டுரைச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பெரும்பாலானவை பிரம்பைப் பற்றியவை. திண்ணைப் பள்ளியில் பிரம்பு, மிஷன் பள்ளியில் பிரம்பு, ஜில்லா போர்டு பள்ளியில் பிரம்பு, பிறகு சட்டம் வந்து பிரம்பு போனது. இந்த வரிசையில் தவறு ஏதும் இல்லை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டு இந்த வயற்காட்டு ஊர்களில் வாத்தியாராக இருந்தவனுக்கு இது பாதிக் கதையாகத்தான் படுகிறது. மற்றப் பாதி பள்ளிக்கூட வாசற்படியில் இருக்கிறது. யாரை அடித்தார்கள் என்று கேட்கும் முன் யாரை உள்ளே விட்டார்கள் என்று கேட்டாக வேண்டும். இந்த உரையில் நான் சொல்ல வந்தது அது ஒன்றுதான்.

விஜயதசமியன்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, அதன் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பது நம் பக்கத்து வழக்கம். திண்ணை வாத்தியாருக்குச் சம்பளமும் பெரும்பாலும் நெல்லாகத்தான் போயிற்று. அந்த நெல்லை நட்டு, களை பறித்து, அறுத்துக் களம் சேர்த்த பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தாம்பாளம் கிடையாது. அவன் பண்ணையாருடைய மாட்டை ஓட்டிக்கொண்டு திடலுக்குப் போனான்.

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து போன கணக்கில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்விச் சாலைகளும் இருந்தன. மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே ஊருக்கு ஊர் கல்வி இருந்தது என்று காட்ட இந்த எண்களை எடுத்துச் சொல்பவர்கள் பலர். பெருமைப்பட இடம் உண்டு, மறுக்கவில்லை. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று அங்கே சொல்லிக் கொடுத்த கணக்கு இந்த மண்ணுக்கென்றே பிறந்த கணக்கு. ஒரு வயலின் குழி எத்தனை, ஒரு மா நிலத்தில் கண்டுமுதல் எவ்வளவு என்று பத்து வயதுப் பையன் வாயாலேயே சொல்லிவிடுவான். மன்றோ திரட்டிய அதே கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. சேரிப் பிள்ளை அக்கிரகாரத்துத் திண்ணையிலும் ஏற முடியாது, குடியானத் தெருத் திண்ணையிலும் ஏற முடியாது.

திண்ணையில் ஏறியவர்கள் பட்ட பாட்டையும் குறைத்துச் சொல்லக் கூடாது. விடிவதற்குள் வந்துவிட வேண்டும். முதலில் வந்த பிள்ளைக்கு வேத்தான் என்று பெயர், அவனுக்கு மரியாதை. பிந்தி வந்தவர்களுக்கு வந்த வரிசைப்படி அடி கூடிக்கொண்டே போகும். வராமல் ஒளிந்துகொண்டவனை, மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளையும் மற்றப் பையன்களும் தேடிப் பிடித்துத் தூக்கி வருவார்கள். கூரை உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் உண்டு. ஓடிப்போகிறவன் காலில் கட்டை பிணைப்பதும் உண்டு. பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர், அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களைத் தம் 'என் சரித்திர'த்தில் விரிவாகப் பதிந்து வைத்திருக்கிறார். அதே மனிதர் 1871இல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது கண்டது முற்றிலும் வேறு: மாணாக்கன் பசித்திருக்கிறானா என்று கவலைப்பட்ட ஆசிரியர். ஆகவே பழைய கல்வி என்றாலே பிரம்புதான் என்று யாரும் இங்கே முடிவு கட்ட வேண்டாம். மாணாக்கன் ஆசிரியரிடம், குளிர்காய்கிறவன் நெருப்பிடம் இருப்பது போல் அதிகம் நெருங்காமலும் விலகாமலும் இருக்க வேண்டும் என்று நன்னூல் இலக்கணம் சொல்கிறது. பிரம்பைப் பற்றி அந்தப் பகுதியில் பேச்சே இல்லை. ஆனால் யார் யாருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. சோம்பேறி, நோயாளி, மந்த புத்திக்காரன், நூலைக் கண்டு அஞ்சித் தடுமாறுகிறவன் எல்லாரும் அதில் வருகிறார்கள். இதை நாம் கவனிக்க வேண்டும். நம்முடைய மிகப் பழைய தண்டனை அடியன்று, வெளியே நிறுத்துவது.

தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ் படிப்பதற்காக ஒரு திண்ணை வாத்தியாரையே தம் வீட்டில் பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. மறு ஆண்டே பெண் குழந்தைகளுக்கென்று அங்கே பள்ளி வந்தது. மதம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாசற்படியைக் கொஞ்சம் அகலப்படுத்தியவர்களில் அவர் முன்னால் வருகிறார். சென்னையில் இதே மணல் எழுத்தைப் பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைப் பற்றி 1797இல் லண்டனில் நூல் வெளியிட்டார். நம் சட்டாம்பிள்ளை கப்பலேறி இங்கிலாந்து போன வரலாறு அது. ஒரு கட்டுரை அதைப் பேசுவதால் நான் விட்டுவிடுகிறேன்.

கீழத்தஞ்சையைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடத்துப் பிரம்பைத் தனியாக வைத்து ஆராயாதீர்கள். அதே ஊரில் பண்ணையாளின் முதுகில் சவுக்கு விழுந்துகொண்டிருந்தது. வாயில் சாணிப்பால் ஊற்றினார்கள். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவும் அவருடைய தோழர்களும் விவசாயச் சங்கம் கட்டிப் போராடித்தான் அந்தக் கொடுமைக்கு முடிவு வந்தது. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியைப் பண்ணையார் பண்ணையாளுக்கும் சொன்னார், தகப்பன் பிள்ளைக்கும் சொன்னான். 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க' என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மார்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அடிபட்டு வளர்ந்தவர்கள், அடியும் படிப்பும் ஒன்றாகத்தான் வரும் என்று நம்பியவர்கள். தாங்கள் அடிபட்டும் படிப்பு வராத இடத்தில் இருந்தவர்கள், பிள்ளையாவது படிப்பு வருகிற இடத்தில் அடிபடட்டும் என்று நினைத்தார்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை ஆண்டும் மேடையில் சொன்னதில்லை. 1978இல், வெண்ணாற்றங்கரை ஊரொன்றில், நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தேன். குறுவை நடவு நேரம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று நாளாகத் தாமதமாக வந்தான். மூன்றாம் நாள் மணி அடித்துக் கால் மணி கழித்து வாசலில் வந்து நின்றான். என் மேசை மேல் பூவரசம் விளார் இருந்தது. 'கையை நீட்டுடா' என்றேன். நீட்டினான். இரண்டு அடி அடித்தேன். மூன்றாவதற்கு ஓங்கியபோதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். விடியலிலிருந்து நாற்றங்கால் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கி, கிழவன் கை மாதிரி இருந்தது. விரலின் பக்கவாட்டில் நாற்றிலை அறுத்த மெல்லிய கோடுகள். நகக்கண்ணில் சேறு. வெளுத்த தோலில் நான் அடித்த இடம் மட்டும் மெதுவாகச் சிவந்து வந்தது. பையன் அழவில்லை. 'நாத்து முடி சொமந்தேன் சார்' என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அவன் வரவில்லை. அந்த மாதம் முழுவதும் வரவில்லை. ஆள் அனுப்பினேன், நான் நேரில் போகவில்லை. நெடுநாள் வராதவர் பெயரை நீக்கும் வழக்கப்படி வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு இழுத்தவனும் நான்தான். விளார் பட்ட இடம் இரண்டு நாளில் ஆறியிருக்கும். அந்தச் சிவப்புக் கோடு இழுத்தபோது எனக்குக் கை நடுங்கவில்லை, அது தண்டனை என்றே எனக்குத் தோன்றவில்லை. இந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கோடுதான்.

பிள்ளைகளை உள்ளே இழுத்ததில் சோற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதற்கும் விரிவானபோது, அதைத் தொடங்கிய இடம் நம் திருக்குவளைப் பள்ளி. அதே கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசையில் வைத்து எரிக்கப்பட்ட கூலி விவசாயக் குடும்பத்தினர் 44 பேரில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அந்த மண்ணிலேயே காலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உப்புமாவும் பொங்கலும் சாப்பிடுகிறார்கள் என்பதை நான் சிறிய மாற்றமாக எண்ணவில்லை.

உள்ளே விட்டால் மட்டும் போதும் என்று நாம் நினைத்ததற்கான விலையையும் இந்தப் படுகைதான் கொடுத்தது. கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளை இழந்தோம். சமையற்கட்டில் பிடித்த தீ, வகுப்பறைக்கு மேல் வேய்ந்திருந்த கீற்றுக்கு ஏறியது. அதன் பிறகுதான் பள்ளிக் கூரைகளைக் கணக்கெடுத்தோம். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச என்னால் ஆகாது.

சட்டத்தின் பாதை எல்லாருக்கும் தெரிந்தது. தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி 2003இல் பள்ளியில் அடிப்பதை அரசு தடை செய்தது. மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து, 2010 ஏப்ரல் முதல் நடைமுறையானது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. சுவீடன் 1979இலேயே வீட்டில் பெற்றோர் அடிப்பதையும் தடுத்துவிட்டது. இங்கிலாந்து தன் அரசுப் பள்ளிகளுக்கு 1986இல்தான் சட்டம் செய்தது. ஆகவே நாம் அதிகம் பிந்திவிடவில்லை. ஆனால் மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளில் மூவரில் இருவர் பள்ளியில் அடிபட்டதாகச் சொன்னார்கள். பிரம்பு மேசையிலிருந்து இழுப்பறைக்குள் போயிருந்தது, அவ்வளவுதான்.

சட்டத்தைவிட எனக்கு நம்பிக்கை தந்தது வேறொரு காட்சி. செயல்வழிக் கற்றல் தமிழகத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்த 2007-08இல், நாற்காலியை விட்டு இறங்கி வாத்தியார் பாயில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அந்த முறையில் குறைகள் இருந்தன. நானே சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் பிள்ளையின் கண்ணும் ஆசிரியர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது ஓங்குவதற்குக் கை எழுவதில்லை. அதை அந்த அறைகளில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

பின்வரிசையில் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரியும். 'பிரம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்? பையன் எதிர்த்துப் பேசுகிறான், தகப்பன் போலீசுக்குப் போவேன் என்கிறான்.' இந்தக் குறை நியாயமானது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில், மனம் உடைந்த பிள்ளையோடு பேச ஒரு ஆள் இல்லை. 14417 என்ற உதவி எண்ணைச் சுவரில் எழுதிப் போட்டதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. ஆனால் பிரம்பு இருந்த காலத்தில் ஒழுங்கு இருந்தது என்பதை நான் ஒப்ப மாட்டேன். அப்போது ஒழுங்காக இராதவன் நம் கணக்கிலிருந்தே மறைந்துபோனான். அவன் வயலில் இருந்தான்.

இன்றைக்கும் அவனை மறைக்கிறோம். 'அடுத்த மாதம் அப்பாவைக் கூட்டிட்டு வந்து டி.சி. வாங்கிக்கோ' என்ற வார்த்தை இப்போது பள்ளிகளில் பிரம்பின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காப்பு இல்லை. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே களை எடுக்கிறார்கள். களை என்ற சொல்லையே அதற்குப் பயன்படுத்தக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளைப் பயிர் என்று சொல்லிப் பழகிய நாட்டில் இந்தச் சொல் வரலாமா? கையில் தடமே இல்லாமல் விழும் அடி இது. எந்தப் பிரிவிலும் வழக்குப் போட முடியாது.

ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். நம் பழைய தொடக்கப் பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடுகளும் வருகைப் பதிவேடுகளும் மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளும் இரும்பு பீரோவுக்குள் கிடக்கின்றன. பல இடங்களில் கரையான் பாதி தின்றுவிட்டது. அவற்றில் சிவப்புக் கோடு விழுந்த பெயர்களை எடுங்கள். எந்த மாதத்தில் விழுந்தது, நடவிலா அறுப்பிலா, எந்தத் தெருப் பிள்ளை, ஆணா பெண்ணா என்று ஊர் ஊராக எழுதுங்கள். திண்ணைப் பள்ளிக்கு மன்றோவின் கணக்கு இருக்கிறது. நாம் நடத்திய பள்ளிகள் யாரை வெளியே விட்டன என்பதற்கு இப்படி ஒரு கணக்கு வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியில் 1980க்கு முந்திய பதிவேடு எதுவும் மிஞ்சியிருந்தால், மதிய இடைவேளைக்குள் பள்ளியின் பெயரையும் ஊரையும் வாசலில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிவிடுங்கள். வெண்ணாற்றங்கரைப் பள்ளி ஒன்றின் பெயரை இன்று காலை உள்ளே வரும்போதே நான் எழுதிவிட்டேன்.

மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.