பின்கட்டுச் சிரிப்பு

வகுப்பில் ஓயாது பேசியதற்குத் தண்டனையாக, 'வாயாடி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதுமாறு ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கணக்காசிரியர் ஒருவர் ஆன் பிராங்க் என்னும் சிறுமியைப் பணித்தார். 'என் தாயும் வாயாடியே. பரம்பரைக் குணத்தை எங்ஙனம் மாற்றுவது?' என்னும் கருத்துப்பட அவள் வாதிட்டிருந்தாள்! படித்த ஆசிரியர் சிரித்துவிட்டார். நெடுநாள் ஆசிரியனாய் இருந்த எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

1942 ஜூலையில், நாஜிகளுக்கு அஞ்சி, அந்த யூதக் குடும்பம் தந்தையின் அலுவலகப் பின்கட்டில் ஒளிந்தது. பின்னர் அங்கிருந்தோர் எண்மராயினர். பகலில் உரக்கப் பேசலாகாது. வாயாடிக்கு இது எத்தகைய சிறை! பேச்செல்லாம், பதின்மூன்றாம் பிறந்தநாளில் கிடைத்த நாட்குறிப்பில் புகுந்தது. உருளைக்கிழங்குத் தோல் சீவுவதில் எழுந்த பூசல், எழுதுமேசைக்காகப் பல் மருத்துவரோடு நடந்த வழக்கு, தாயிடம் மனத்தாங்கல், முதற்காதல் ஆகிய எதனையும் அவள் விட்டுவைக்கவில்லை.

1944 மார்ச்சில், டச்சு அமைச்சர் ஒருவர் லண்டனிலிருந்து வானொலியில் பேசினார். மக்களின் நாட்குறிப்புகளைப் போருக்குப்பின் திரட்ட வேண்டும் என்றார். வானொலிப் பேச்சுக்கும் பயன் உண்டு, பாருங்கள்! அதைக் கேட்டவள், தன் குறிப்புகளைத் திருத்தி எழுதலானாள். ஆகஸ்டு 4-ஆம் நாள் எண்மரும் பிடிபட்டனர். 1945-இல் பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தபோது அவளுக்கு வயது 15.

எண்மரில் உயிரோடு மீண்டவர் தந்தை ஒருவரே. 1947-இல் அவர் அதனை நூலாக வெளியிட்டார். கிழங்கு சீவும் பகுதியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள், பாட்டியும் சிரிப்பார்.