தங்கவயல் தூசும் கார் பெயிண்டும்

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூசு ஊரெங்கும் படியும். காரை மட்டும் விடுமா? தங்கத்துக்காக அரைத்த குவார்ட்ஸ் பாறைப் பொடி அதில் உண்டு. உலர்ந்த துணியால் துடைத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான்.

பெயிண்டைக் காக்கப் பூசும் செராமிக் கோட்டிங் 'ஒன்பது எச்' கடினம் என்பார்கள். அது பென்சில் கீறல் சோதனையின் அளவு. கனிமங்களுக்கான மோஸ் அளவு அல்ல. மோஸில் குவார்ட்ஸ் 7. செராமிக்கில் தண்ணீர் வழிந்தோடும், அழுக்கு லேசில் ஒட்டாது, அவ்வளவுதான். மெழுகு மலிவு, சில மாதமே நிற்கும். கீறலைத் தாங்குவது பிபிஎஃப் எனும் பெயிண்ட் பாதுகாப்புப் படலம். விலை கூடுதல், பானெட்டுக்கும் பம்பருக்கும் ஒட்டினாலே போதும்.

எதைப் போட்டாலும், முதலில் தண்ணீர் அடித்துத் தூசை இறக்குங்கள்; பிறகு துணியைத் தொடுங்கள்.